யார் கொடுத்த முடி?

பாரிசு நகரத்து லூவர் காட்சிக்கூடத்தில் ஓவியமொன்று உண்டு. அகலம் ஏறத்தாழ 32 அடி. உயரம் 20 அடி. ஏழை ஒருவனின் குடிசையைப் பெயர்த்துக் கொண்டுபோய் அதன் முன் வைத்தால் குடிசை சிறுத்துப் போகும். ஓவியம் அவ்வளவு பெரிது. எதிரே நிற்பவர் எந்த நாட்டினராயினும், எத்தகைய அறிவினராயினும், அண்ணாந்துதான் பார்த்தாக வேண்டும். பார்ப்பவன் அண்ணாந்து நிற்க வேண்டும் என்பதே அந்தப் பருமனின் நோக்கம் என்று நாம் கருதுகிறோம்.

நெப்போலியனின் முடிசூட்டு விழாவைக் காட்டும் ஓவியம் அது. தீட்டியவர் ழாக் லூயி டேவிட் எனும் பெரும் ஓவியர். 1805-ஆம் ஆண்டின் இறுதியில் பணியைத் தொடங்கினார், 1807-ல் முடித்தார், 1808-ல் அது பாரிசு மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. நோட்ர்டாம் பேராலயம்; நூற்றுக்கு மேற்பட்ட மாந்தர்; பட்டும் பொன்னும் பளபளக்கும் உடைகள். நடுவிலே நெப்போலியன், இரு கைகளாலும் முடியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறான். எதிரே மண்டியிட்டிருக்கிறாள் மனைவி ஜோசபின். பின்னே அமர்ந்து, கை உயர்த்தி வாழ்த்துகிறார் போப்பாண்டவர் ஏழாம் பயஸ். மேலே, மாடத்தின் நடுவே, மகனின் பெருமையைக் கண்டு பூரித்தவாறு வீற்றிருக்கிறார் தாய் லெட்டிசியா.

அழகிய ஓவியமா? ஆம், அதிலே ஐயமில்லை. டேவிட்டின் கைத்திறனைக் குறைத்துப் பேச நாம் இங்கு முற்படவில்லை. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஓர் ஆட்சி நேர்மையான உரிமை உடையது என்பதை ஓவியத்தால் மெய்ப்பிக்க முடியுமா? முடியாது என்றால், வாளும் படையும் கருவூலமும் கையிலிருக்க, ஆள்வோர் ஏன் ஓவியனைத் தேடி ஓடுகின்றனர்? வல்லமை மட்டும் போதுமெனில் வண்ணம் எதற்கு?

விடை காண, ஓவியத்தை விட்டுச் சற்று விலகி, விழா நடந்த நாளுக்குச் செல்வோம். 1804-ஆம் ஆண்டு, டிசம்பர் 2.

அன்று பேராலயத்தில் லெட்டிசியா இல்லை. பிள்ளைகளிடையே எழுந்த பூசலால் மனம் வருந்தி, அந்த அம்மையார் ரோம் நகரிலே தங்கிவிட்டார். தாயே வராத விழா! ஆனால் ஓவியத்தில் அவருக்கு நடு இடம், உயர்ந்த இருக்கை.

போப்பாண்டவர் வந்திருந்தார், எண்ணெய் பூசித் திருமுழுக்காட்டினார், ஆனால் முடியைச் சூட்டவில்லை. டேவிட் முதலில் அவரை, கைகள் இரண்டையும் முழங்காலின்மீது வைத்து வாளா அமர்ந்திருப்பவராகவே தீட்டினார். பேரரசன் அதை விரும்பவில்லை. ரோமிலிருந்து அத்தனை தொலைவு அழைத்துவரப்பட்டவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதா? கை உயர்ந்தது, வாழ்த்து பிறந்தது. உயர்த்தியது போப்பாண்டவரின் உள்ளமன்று, ஓவியனின் தூரிகை.

முடி? அதை நெப்போலியன் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையிலே வைத்துக்கொண்டான். டேவிட் வரைந்த முதற் படிவங்களில் அந்தக் காட்சியே இருந்தது: ஒரு கையில் வாளை மார்போடு அணைத்து, மறு கையால் முடியைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் வீரன். பிறகு அது கைவிடப்பட்டது. அதற்கு அடுத்த நிகழ்ச்சியான, மனைவிக்கு முடிசூட்டும் காட்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. மனைவிக்கு முடிசூட்டியதும் மெய்யாக நடந்ததே. பொய்யென்று எவரும் கூற முடியாது. ஆயினும் அந்த மாற்றத்திலேதான் முழு மருமமும் அடங்கியிருக்கிறது. எடுத்துக்கொள்ளும் கை, அதே கைதான், கொடுக்கும் கையாக மாறிவிட்டது!

எடுத்துக்கொள்பவனை மக்கள் அஞ்சுவர், கொடுப்பவனைப் போற்றுவர். பறித்தலை இழிவென்றும் ஈதலை உயர்வென்றும் கருதாத மக்கட்கூட்டம் உலகில் இல்லை. எனவே, பறித்ததை ஈந்ததாகவோ, ஈயப்பெற்றதாகவோ காட்டியாக வேண்டும். அரச ஓவியங்களின் தலையாய தொழில் இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம்.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். நெப்போலியன் பரம்பரை அரசன் அல்லனே; மக்களின் வாக்கைக் கேட்டுத்தானே பேரரசன் ஆனான்? பேராலயத்திலே அவன் பறித்தது எது? என்று கேட்பர்.

நல்ல கேள்வி. 1804-ல் பிரெஞ்சு நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடந்தது உண்மை. ஒப்புதல் அளித்தோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்றும், மறுத்தோர் 3,000 பேருக்கும் குறைவு என்றும் அரசு அறிவித்தது. ஆனால் அந்த வாக்கு எவ்வாறு கேட்கப்பட்டது? மே மாதத்திலேயே பேரரசு அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் மக்களிடம் வந்தனர். மறைவான வாக்குச்சீட்டும் இல்லை. பதிவேட்டிலே, அதிகாரியின் கண்ணெதிரே, பெயரெழுதி 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான், ஆங்கியன் கோமகன் எல்லைக்கு அப்பாலிருந்து பிடித்துவரப்பட்டு, இரவோடிரவாக விசாரிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தச் செய்தியைக் கேட்ட காதுகளோடு, 'இல்லை' என்று எழுதப் பேனாவை எடுப்பவர் எத்தனை பேர்?

சரி, அந்த வாக்கு முழுவதும் மனமார அளிக்கப்பட்டது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதுதான் நமது வியப்பு மேலும் பெருகுகிறது. முப்பத்தைந்து லட்சம் மக்கள் கொடுத்த முடி என்றால், அந்த முப்பத்தைந்து லட்சத்தில் ஒருவனையாவது அவ்வளவு பெரிய ஓவியத்தின் நடுவே நிறுத்தியிருக்கலாமே! உழவன் ஒருவன், நெசவாளி ஒருவன், மீன் விற்கும் மாது ஒருத்தி, முடியை ஏந்தி வந்து தருவதாகக் காட்டியிருக்கலாமே! இல்லை. நடுவிலே இருப்போர் போப்பாண்டவர், பேராயர்கள், படைத்தலைவர்கள், அமைச்சர்கள், உடன்பிறந்தார். கொடுத்ததாகச் சொல்லப்படும் மக்களுக்கு அங்கே இடமில்லை. கொடுக்காத போப்பாண்டவருக்கோ இடமுண்டு, உயர்த்திய கையுமுண்டு.

ஏன்? காரணம் எளிது. மக்கள் கொடுத்தனர் என்று ஒப்புக்கொண்டால், மக்கள் திரும்பக் கேட்கலாம் என்றும் ஒப்புக்கொண்டாக வேண்டும். விண்ணிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் திரும்பக் கேட்பார் இல்லை. விண் வந்து வழக்காடுவதில்லை! அச்சம் இங்கேதான் இருக்கிறது. வானளாவிய அந்த ஓவியத்தின் அடியிலே உறைந்திருப்பது வீரமன்று. 'நாளை கேட்பார்களோ' என்னும் நடுக்கமே. தன் உரிமையிலே ஐயமற்றவன் அதனை 32 அடி அகலத்துக்கு எழுதிவைக்க மாட்டான்.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். ஓவியத்திலே முடிபெறும் ஜோசபின், தனக்கு மகனைப் பெற்றுத் தரவில்லை என்பதற்காக 1809-ன் இறுதியில் மணவிலக்குச் செய்யப்பட்டாள். கழுகுக் கொடிகளைப் படையினருக்கு வழங்கும் விழாவை டேவிட் தீட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஓவியத்திலிருந்து அவள் அழிக்கப்பட்டாள். வராத தாயை வரவழைத்த தூரிகை, வந்திருந்த மனைவியை விரட்டிவிட்டது! வாழ்த்திய போப்பாண்டவர் என்ன ஆனார்? அதே 1809-ல் அவர் பேரரசனின் வீரர்களால் கைது செய்யப்பட்டார். 1814 வரை சிறைப்பட்டவராகவே இருந்தார். ஓவியத்தில் உயர்ந்த கை உயர்ந்தபடியே இருந்தது; உண்மையில் அந்தக் கைக்கு உரியவர் காவலில் இருந்தார். முடி தரித்தவன்? 1815-ல் செயின்ட் எலெனா தீவுக்கு அனுப்பப்பட்டான். 1821-ல் அங்கேயே மாண்டான்.

ஓவியம் ஒரு கணத்தைப் பிடித்து, 'இதுவே என்றைக்கும்' என்கிறது. ஆளும் உரிமையோ ஒரு கணத்தில் கிடைத்து என்றைக்கும் நிலைக்கும் பொருளன்று. விளக்கில் எண்ணெய் போல, அன்றாடம் ஊற்றப்பட வேண்டியது அது. ஊற்றுபவன் குடிமகன், அவன் கையை நிறுத்தினால் விளக்கு அணையும். இந்த எளிய உண்மையைத்தான் பொற்சட்டம் போட்டு மறைக்கின்றனர்.

அது பிரெஞ்சு நாட்டுக் கதை. நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்கில்லை. அதே காலத்திலே, அதே தந்திரம், இந்தியாவின் அடிமைத்தனத்தைக் காட்டவும் கையாளப்பட்டது. லண்டன் மாநகரின் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது அதற்குச் சான்றான ஓவியம். தீட்டியவர் பெஞ்சமின் வெஸ்ட். காலம் 1818 அளவில். மொகலாயப் பேரரசன் ஷா ஆலம், உயர்ந்த விதானத்தின் கீழ் அரியணையில் வீற்றிருந்து, வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய நாடுகளின் வரி தண்டும் உரிமையாம் திவானிப் பட்டயத்தை, ராபர்ட் கிளைவுக்கு வழங்குகிறான். யானைகள் உண்டு, பரிவாரம் உண்டு, கீழ்த்திசையின் கோலாகலம் அனைத்தும் உண்டு. கிளைவ் பணிவோடு கைநீட்டிப் பெற்றுக்கொள்கிறான்.

நடந்தது என்ன? 1764-ல் பக்சார் போரிலே தோற்ற அணியில் இருந்தவன் ஷா ஆலம். நாடும் இல்லை, நம்பத்தக்க படையும் இல்லை. கம்பெனியின் தயவிலே அலகாபாத்தில் இருந்தான். 1765, ஆகஸ்டு 12-ஆம் நாள், கிளைவின் கூடாரத்திலே, ஆங்கிலேயர் உணவருந்தும் மேசையின்மீது நாற்காலி ஒன்றைத் தூக்கி வைத்து, துணியைப் போர்த்தி, அதையே அரியணை ஆக்கி, அதன்மேல் அவனை ஏற்றினர். அங்கிருந்து 'வழங்கினான்'! ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாக அவனுக்கு வாக்களித்தனர். சில ஆண்டுகளுக்குள் அதையும் நிறுத்திவிட்டனர். படம் தீட்டப்பட்டபோது நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கிளைவ் 1774-லேயே இறந்துவிட்டான். வெஸ்ட் இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர். ஆனால் சாப்பாட்டு மேசை மறைந்தது, அரியணை எழுந்தது.

இங்கும் அதே மாற்றத்தைக் காண்கிறோம். பாரிசிலே, எடுத்துக்கொண்டவன் கொடுப்பவனாகக் காட்டப்பட்டான். அலகாபாத்திலே, பறித்தவன் பெற்றுக்கொள்பவனாகக் காட்டப்பட்டான். 'நாங்கள் கொள்ளையடிக்கவில்லை, உங்கள் பேரரசனே கொடுத்தான், இதோ படம், பார்!' என்று சொல்லாமற் சொல்கிறது அந்த வண்ணச்சீலை.

கொடுத்தவன் ஷா ஆலம் என்றால், கொடுக்கப்பட்டது யாருடைய பொருள்? வங்காளத்து உழவன் விளைவித்த நெல், அவன் வியர்வை. அவனை யாரும் கேட்கவில்லை. அவன் ஓவியத்திலும் இல்லை. திவானி கைமாறி ஐந்தே ஆண்டுகளில், 1770-ல், வங்காளத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. மக்களில் மூன்றில் ஒரு பங்கேனும் மடிந்தனர் என்று ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-ல் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். அதே மடலில் அவர் மற்றொன்றையும் தெரிவித்தார்: 1771-ஆம் ஆண்டின் வரி வசூல், பஞ்சத்துக்கு முந்திய 1768-ஆம் ஆண்டின் வசூலையும் மிஞ்சிவிட்டதாம்! செத்தவன் பங்கையும் சேர்த்து இருப்பவனிடம் வாங்கினர். பட்டயம் வழங்கும் படம் உண்டு. பட்டினியில் விழுந்தவனுக்கு அரண்மனைச் சுவரில் இடமில்லை.

நமது சென்னைக்கும் இந்தப் பாடம் புதிதன்று. சேப்பாக்கம் அரண்மனையில் வாழ்ந்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலியைக் கெட்டில், வில்லிசன் முதலான பிரிட்டிஷ் ஓவியர்கள் முழு உருவப் படங்களாகத் தீட்டினர். மெல்லிய வெண்ணிற அங்கி, முத்து மாலைகள், வாள், அரசப் பார்வை! படத்தைக் கண்டோர் பாராளும் மன்னன் என்றே எண்ணுவர். படத்துக்கு வெளியிலோ, அவர் கம்பெனி ஊழியர்களிடம் கடன்பட்டு, கடன்மேல் கடன்பட்டு, கருநாடகத்து ஊர்களின் வரியையே அடகு வைத்துக்கொண்டிருந்தார். 1781-ல் வரி தண்டும் பொறுப்பே கம்பெனியின் கைக்குச் சென்றது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழிந்து, 1801-ல், ஆட்சியும் சென்றது. படம் ஆளும் உரிமையைத் தருமானால் நவாபின் ஆட்சி நிலைத்திருக்க வேண்டுமே! உரிமை இல்லாதவனுக்கு உரிமையையும், வலிமை இழந்தவனுக்கு வலிமையையும் படம் கடனாகத் தருகிறது; வட்டியைச் செலுத்துவதோ குடிமக்கள்.

இனி, ஓவியனைப் பற்றி ஒரு சொல். அவன் கூலிக்கு வரைந்தவன். அவனை ஏன் குறை கூற வேண்டும் என்பர் சிலர். கலைஞன் காலத்தின் கண்ணாடி என்பர் வேறு சிலர். டேவிட்டின் வாழ்வைப் பாருங்கள். 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னனுக்கு மரணதண்டனை அளிக்க வேண்டும் என்று மன்றத்திலே வாக்களித்தவர் அவர். அதே ஆண்டில், கொலையுண்ட மாராவை, முடியின்றி, பட்டின்றி, குளியல் தொட்டியிலே சாய்ந்த நிலையில் தீட்டி உலகை உருக வைத்தவர். குடியரசின் விழாக்களுக்கு வடிவம் அமைத்தவர். பதினோராண்டுகள் கழிந்தன; அதே டேவிட் பேரரசனின் முதல் ஓவியர்! அவர் தம்மையும் அந்த ஓவியத்தின் ஒரு மாடத்திலே, குறிப்பேடும் கையுமாக எழுதிவைத்திருக்கிறார். நான் கண்டேன், கண்டபடி வரைந்தேன் என்று சான்று பகர்பவர்போல. கண்ணாடி என்று வாதிடுவோருக்கு நாம் கூறுவது ஒன்றே: வராத தாயை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

ஆயினும் டேவிட்டை மட்டும் கூண்டில் நிறுத்தி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மறுத்திருந்தால் அவர் தம் பதவியை இழந்திருப்பார், வேறொருவர் வரைந்திருப்பார். அவர் குற்றம் உண்டு. அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. அது அண்ணாந்து பார்த்து வாய்பிளந்து நிற்கும் நமது குற்றம். படம் பொய் சொல்வதற்குப் பார்ப்பவனின் ஒத்துழைப்பு வேண்டும். பொன்னையும் பட்டையும் கண்டு, 'இவன் ஆளப் பிறந்தவன்' என்று நெஞ்சுக்குள் கையொப்பமிடுகிறோமே, அந்தக் கையொப்பத்திற்காகத்தான் அத்தனை அடிச் சீலையும் விரிக்கப்படுகிறது.

எனவே, இத்தகைய படம் எதன் முன்னே நின்றாலும், அது பேராலயத்து ஓவியமாயினும், பதவியேற்பு விழாவின் நிழற்படமாயினும், நம் தெருமுனையிலே மரச்சட்டமிட்டு வானுயர நிறுத்தப்பட்ட தலைவர் உருவமாயினும், அது நமக்கு உகந்த தலைவரின் உருவமே ஆயினும், நாம் நான்கு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்த உரிமையைக் கொடுத்தவர் யார்? கொடுக்க மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா? கொடுத்ததைத் திரும்பப் பெற அவரால் இயலுமா? இந்தப் படத்திலே இல்லாதவர் யார்? நான்காவது கேள்வியை மறவாதீர். முதல் மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை இந்நாட்டிலே முதற் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலிலே 17 கோடிக்கு மேற்பட்டோர்; அவர்களில் மிகப் பலர் எழுதப் படிக்க அறியாதோர். வெயிலிலே வரிசையாக நின்றனர். விரலிலே மை இட்டுக்கொண்டனர். திரைக்குப் பின் சென்று, எவரும் காணாமல், தம் விருப்பத்தைப் பெட்டியிலே போட்டனர். விதானம் இல்லை; எண்ணெய் முழுக்கு இல்லை; உயர்த்திய கை இல்லை. ஆளும் உரிமை உண்மையாகக் கைமாறும் இடம் அதுதான். கொடுப்பவன் யாரென்று தெரியும், அவன் மறுக்கலாம், மறுமுறை வந்து திரும்பப் பெறவும் செய்யலாம்.

அந்த வரிசையை 32 அடி அகலத்தில் தீட்டி அரண்மனையில் மாட்டுவார் இல்லை. தேவையுமில்லை. மெய்யான உரிமைக்குச் சான்று அந்த விரல் மை. அது நாளடைவில் அழிந்துவிடுகிறது, அழிவதும் நன்றே. மீண்டும் இட்டுக்கொள்ள வேண்டும், மீண்டும் கேட்க வேண்டும், என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. அழியாத வண்ணத்தில் எழுதப்பட்ட முடியை ஐயுறுவோம். அழியும் மையால் அளிக்கப்பட்ட பொறுப்பை, அளித்தவர் நாமே என்பதை மறவாமல், கண்காணிப்போம்.